ஹலோ, கேக்குதா?

டிரங்க் கால் கிடைத்து மணி அடித்ததும் ரிசீவரை எடுத்து, பேசும் பக்கத்தை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அந்தக் காலத்துப் பெரியவர்கள் பலர் ‘ஹலோ’ என்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் பழக்கதோஷமாகத் தோன்றும். ஆனால் அந்தத் தட்டுக்கு நிஜமாகவே பலன் இருந்தது.

கறுப்பு ரிசீவரின் வாய்ப்பக்க மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே வட்டமாக ஒரு டப்பி இருக்கும். அதற்குள் கரித்துணுக்குகள். குரல் மோதும்போது மேலே உள்ள தகடு அதிர்ந்து துணுக்குகளை நெருக்கும், தளர்த்தும். அதற்கேற்ப அவற்றின் வழியாகப் பாயும் மின்சாரம் கூடிக் குறையும். 1870களின் கடைசியில் எடிசனும் ஹன்னிங்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியாரும் உருவாக்கிய இந்தக் கரி மைக், சுமார் நூறு வருஷம் உலகத்தின் குரலைச் சுமந்தது. பேசுகிறவரின் மெல்லிய குரலிலிருந்து வேறு பெருக்கி இல்லாமலே வலுவான மின் அலை கிடைத்ததுதான் அந்த ஆயுளுக்குக் காரணம். அதன் குறை, துணுக்குகள் நாளடைவில் இறுகிக் கட்டிக்கொள்வது. வாயின் ஈரக்காற்றும் சேர்ந்தால் குரல் அமுங்கிவிடும். தட்டினால் உதிரும், குரல் திரும்பும். இயற்பியல் எதுவும் படிக்காமலே ஊரே இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தது.

தட்டியும் கேட்காவிட்டால் கத்த வேண்டியதுதான். மதுரையிலிருந்து சென்னைக்குப் பேச வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஆர்டினரி, அர்ஜன்ட், லைட்னிங் என்று மூன்று தரம், காசுக்கேற்ற வேகம். காலையில் பதிந்த ஆர்டினரி கால் சாயங்காலம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைத்த மூன்று நிமிடத்தில் பாதி இப்படிப் போகும்:

“நல்லா இருக்கீங்களா மாமா?”

“என்னது?”

“நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன்!”

“ஆங்? கொஞ்சம் சத்தமாப் பேசுப்பா!”

நடுவில் இருக்கும் ஆபரேட்டரம்மா பொறுத்துப் பார்ப்பார். முடியாவிட்டால் அவரே புகுந்து, “சார், அவங்க நாளைக்குப் பாண்டியன்ல ஏறுறாங்களாம், ஸ்டேஷனுக்கு வரச் சொல்றாங்க” என்று சேதியைக் கைமாற்றிக் கொடுப்பார். அன்றைக்கு நம் ஊரில் இருந்த மிகச் சிறந்த பெருக்கி அந்த அம்மாதான்.

குரல் ஏன் அப்படித் தேய்ந்தது? ரயில் பாதை ஓரமாகக் கம்பங்களில் ஓடிய செம்புக் கம்பிகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் குமிழ்களில் கட்டிய திறந்த கம்பிகள். மழை பெய்தால் பீங்கானின் ஈரம் வழியாக மின்சாரம் கசியும். பக்கத்துக் கம்பியில் பேசுவது இந்தக் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். நாம் கிராஸ் டாக் என்று சிரித்த அந்தத் தொல்லைக்கு மருந்து 1880களிலேயே கிடைத்துவிட்டது. ஒரு கம்பியைப் போட்டுப் பூமியையே திரும்பும் வழியாக வைத்திருந்தவர்களிடம், இரண்டு கம்பி போடுங்கள் என்று காட்டியவர் அமெரிக்காவின் ஜான் கார்ட்டி. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறினால், முனையில் அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். ஒரே அளவில் ஏற வேண்டுமே, அதற்காகத்தான் சில கம்பங்களுக்கு ஒரு முறை இரண்டு கம்பிகளும் இடம் மாறிக் குறுக்காகப் போகும். ரயில் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். எதற்கென்று யோசித்தவர்கள் குறைவு.

தூரம் இன்னொரு சிக்கல். கம்பி நீள நீளக் குரலின் கீச்சுப் பகுதி முதலில் சாகும், அடித்தொண்டைப் பகுதி மிஞ்சும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருப்பது அதனால்தான். இதைக் கணக்குப் போட்டுத் தீர்த்தவர் ஆலிவர் ஹெவிசைட். பட்டம் எதுவும் இல்லாதவர், தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்தவர். கம்பியின் தூண்டல் திறனை வேண்டுமென்றே கூட்டினால் குரல் சிதையாது என்று 1887-இல் எழுதினார். பிரிட்டிஷ் தபால் துறையின் பொறியியல் பெரியவர் வில்லியம் பிரீஸ் அதை ஏற்கவில்லை. தூண்டல் தொலைபேசிக்குப் பகை என்பது அவர் கட்சி. கடைசியில் அமெரிக்காவில் மைக்கேல் புப்பின் அதே எண்ணத்தைக் கம்பிச்சுருளாக்கி 1900-இல் காப்புரிமை வாங்கினார்; ஏடி அண்ட் டி நிறுவனம் பெரும் தொகை கொடுத்து அதை எடுத்துக்கொண்டது. ஹெவிசைட்டுக்கு எதுவும் வரவில்லை, வறுமையோடுதான் இருந்தார். கேபிளில் சுமார் 1.8 கிலோமீட்டருக்கு ஒரு சுருள் வைத்தால் குரல் தெளிவாகப் போகும். வேடிக்கை என்னவென்றால், அதே சுருள்கள் 3,400 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் கதவை இழுத்துச் சாத்திவிடும். நூறு வருஷம் கழித்து அந்தக் கம்பியிலேயே அகலக்கற்றை இணையம் அனுப்ப வந்தவர்கள் முதலில் செய்ய வேண்டியிருந்த வேலை, சுருள் இருக்கும் இடங்களைத் தேடிப் பிடித்துக் கழற்றுவது.

சுருள் தேய்மானத்தைக் குறைத்ததே தவிர இழந்ததைத் திருப்பித் தரவில்லை. அதற்கு வெற்றிடக் குழாய் வர வேண்டியிருந்தது. 1915 ஜனவரி 25 அன்று நியூயார்க்கிலிருந்து கிரஹாம் பெல்லும் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து அவருடைய பழைய உதவியாளர் வாட்சனும் பேசியது குழாய்ப் பெருக்கிகளின் தயவில். ஆனால் ஒரு பெருக்கி குரலோடு இரைச்சலையும் பெருக்கும், தன் பங்குக்குக் கொஞ்சம் கோணலையும் சேர்க்கும். வழிநெடுக அடுக்கிவைத்தால் கோணலும் கூடிக்கொண்டே போகும். 1927-இல் வேலைக்குப் போகப் படகில் ஏறிய ஹரால்ட் பிளாக், வெளியேறும் ஒலியில் கொஞ்சத்தை எடுத்துத் தலைகீழாக்கி உள்ளேயே திருப்பிவிட்டால் கோணல் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் என்று கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே வரைந்தார். இன்று நம் வீட்டு ஆம்ப்ளிஃபயர் வரைக்கும் அந்த வரைபடம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெருக்கி நன்றாக அமைந்ததும் ஒரே ஜோடிக் கம்பியில் பல பேச்சுகளை அடுக்க முடிந்தது. அங்கேதான் காசு பேசியது. ஒரு பேச்சுக்கு 4,000 ஹெர்ட்ஸ் இடம் என்று வகுத்தார்கள். ஓரம் போக, 300 முதல் 3,400 வரைதான் குரலுக்கு. சராசரி ஆண் குரலின் அடிநாதம் 100, 120 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அது கம்பியில் ஏறவே இல்லை. இருந்தும் ‘அப்பா பேசுறாரு’ என்று நமக்குத் தெரிந்ததே எப்படி? மேலே உள்ள கூறுகளைக் கேட்டு மூளை அடிநாதத்தைத் தானாக ஊகித்துக்கொள்ளும். இந்தக் கருணையை நம்பித்தான் பொறியாளர்கள் வெட்டினார்கள். மேலே வெட்டியதற்கு மூளையிடம் மருந்து இல்லை. ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற ஒலிகளின் உயிர் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அதனால்தான் பெயரோ வண்டி எண்ணோ சொல்லும்போது “எஸ் ஃபார் சேலம், எம் ஃபார் மெட்ராஸ்” என்று ஊர்களைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. அது லைன் கெட்டுப்போனதால் வந்த கோளாறில்லை. லைன் சொன்னபடி வேலை செய்ததன் விளைவு.

நம் நாட்டில் 1882-இலேயே சென்னை, கல்கத்தா, பம்பாயில் எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது. ஆனால் ஆபரேட்டர் இல்லாமல் வெளியூருக்கு நேராகச் சுழற்றும் எஸ்டிடி, கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே 1960-இல்தான் தொடங்கியது. அது வந்த பிறகும் உள்ளூர் எக்ஸ்சேஞ்சுகளில் ஸ்ட்ரௌஜர் இயந்திரங்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. நாம் சுழற்றும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் உலோகக் கை ஏறி, சுற்றி, ஒரு தொடுமுனையில் உட்காரும். அந்த முனையில் தூசு இருந்தால் நம் காதில் கரகர. பக்கத்துச் சட்டத்தில் இன்னொருவருக்கு இணைப்புக் கிடைத்தால் அந்த அதிர்வில் நம் காதில் டக். வெளியே தெருவில் காகிதம் சுற்றிய கேபிள். உள்ளே தண்ணீர் இறங்கினால் மொத்தத் தெருவும் ஊமை. ஐப்பசி, கார்த்திகையில் லைன்மேனைத் தேடி அலையாத தொலைபேசிக்காரர் கிடையாது. கம்பிகளுக்கு இடையே பெட்ரோலிய ஜெல்லி அடைத்த கேபிள்கள் வந்த பிறகுதான் மழைக்கும் ஊமைக்கும் இருந்த உறவு கொஞ்சம் தளர்ந்தது.

வளைகுடாவுக்குப் போனவர்களின் வீட்டில் தொல்லை வேறு விதம். செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. குரல் ஏறி இறங்கக் கால் வினாடி. பதில் வரவும் கால் வினாடி. “எப்படிப்பா இருக்கே?” என்று அம்மா கேட்டு, பதில் வராததால் மறுபடி “எப்படிப்பா...” என்று தொடங்கும்போதுதான் மகனின் “நல்லா இருக்கேம்மா” வந்து சேரும். இருவரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள், ஒரே சமயத்தில் நிறுத்துவார்கள். இதற்கு மேல் எதிரொலி வேறு. வீட்டுக்கு வருவது இரண்டு கம்பி. தொலைதூரப் பாதையில் போக ஒன்று, வர ஒன்று என்று நான்கு. இரண்டும் நான்கும் சந்திக்கும் இடத்தில் கொஞ்சம் குரல் கசிந்து வந்த வழியே திரும்பிவிடும். உள்ளூரில் அது சட்டென்று வருவதால் தெரியாது. அரை வினாடி தாமதித்து வந்தால் தன் குரலையே கேட்டுத் திணறி நாக்குக் குழறும்.

ஒருவர் பேசும்போது மற்றவர் பாதையை அடைத்துவிடுவது முதலில் போட்ட வைத்தியம். எதிரொலி நின்றது, கூடவே குறுக்கே சொன்ன “ம்”, “சரி” எல்லாம் வெட்டுப்பட்டன. ‘ம்’ கொட்டாமல் பேசத் தெரியாத நமக்கு அது கொடுமை. பெல் ஆய்வகத்தில் ஜான் கெல்லியும், இந்தியாவில் பிறந்த மன் மோகன் சோந்தியும் வேறு வழி பிடித்தார்கள். போகிற குரலைக் கவனித்து, திரும்பிவரப் போகும் எதிரொலி எப்படி இருக்கும் என்று இயந்திரமே கற்றுக்கொண்டு, வந்ததிலிருந்து அதை மட்டும் கழித்துவிடும். சோந்தியின் கட்டுரை 1967-இல் வந்தது. அது சில்லுக்குள் அடங்கி மலிய ஒரு பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனது. தாமதத்தைக் குறைத்தவை கடலடிக் கேபிள்கள். 2002-இல் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போட்ட ஒளியிழை 3,200 கிலோமீட்டர். அதைக் கடக்கக் குரலுக்கு ஆவது வினாடியின் 60-இல் ஒரு பங்கு.

இத்தனைக்கும் நடுவே நடந்த பெரிய மாற்றம் குரலை எண்ணாக்கியது. அலெக் ரீவ்ஸ் 1937-இல் சொன்ன வழிதான்: குரலை வினாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக எழுதி அனுப்பு. பின்னாளில் நிலைத்த கணக்கு, வினாடிக்கு 8,000 முறை, ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட். 64 கிலோபிட். வழியில் இரைச்சல் ஏறினாலும் ஒன்றா சுழியமா என்று மட்டும் படித்துப் புதிதாக எழுதி அனுப்பிவிடலாம். பழைய பெருக்கியைப்போல் அழுக்கைச் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை. நம் பக்கம் 1984-இல் தொடங்கிய தொலைத்தொடர்பு ஆய்வு மையம் சி-டாட், குளிர்சாதனம் இல்லாமல் புழுக்கத்திலும் தூசியிலும் நிற்கக்கூடிய 128 முனை கிராம எக்ஸ்சேஞ்சைச் செய்தது. முதல் பெட்டி 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் உட்கார்ந்தது. பிறகு மஞ்சள் போர்டு எஸ்டிடி பூத்துகள் மூலைக்கு மூலை முளைத்தன. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று டெல்லிக்குப் பேசியவர்கள் “பக்கத்துத் தெருவுலேர்ந்து பேசுற மாதிரி இருக்கே!” என்று வியந்தது 1990களில். தூரத்துக்கும் தெளிவுக்கும் இருந்த தொடர்பு அன்றைக்கு அறுந்தது. என் கணக்கில் தொலைபேசிக் குரலின் பொற்காலம் அந்தப் பத்துப் பதினைந்து வருஷம்தான். 3,400-க்குள் அடைபட்ட குரல், ஆனால் சிந்தாமல் சிதறாமல் வந்த குரல்.

கைப்பேசி வந்ததும் கஞ்சத்தனம் திரும்பியது. காற்றில் இடம் குறைவு. 64 கிலோபிட் ஒருவருக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகாது. ஜிஎஸ்எம் என்ற கைப்பேசி முறை கொடுத்தது 13. நெரிசல் நேரத்தில் அதிலும் பாதியாக்கிப் பேச்சுகளை இரட்டிப்பாக அடைத்தார்கள். இவ்வளவு சுருக்கியும் குரல் பிழைத்ததற்குக் கான்பூரில் பிறந்த பிஷ்ணு அடலுக்குப் பெரும் பங்கு உண்டு. குரலை அப்படியே அனுப்பாதே, தொண்டையும் வாயும் இந்தக் கணத்தில் எந்த வடிவில் இருக்கின்றன என்ற விவரத்தை மட்டும் அனுப்பு, அங்கே கட்டிக்கொள்ளட்டும் என்பது அவர் வளர்த்தெடுத்த வழி. அவரும் உடன் ஆய்வு செய்த ஷ்ரோடரும் 1985-இல் வெளியிட்ட முறையை முதலில் சோதித்தபோது, ஒரு வினாடிப் பேச்சைச் சுருக்க அன்றைய கிரே சூப்பர் கம்ப்யூட்டருக்கு இரண்டு நிமிடத்துக்கும் மேல் பிடித்தது. அதன் வாரிசுகள் இன்று சட்டைப் பைக்குள் உட்கார்ந்து பேசப் பேசவே அந்த வேலையைச் செய்கின்றன.

ஆக, கைப்பேசியில் நாம் கேட்பது அத்தையின் குரலை வைத்து நம் போன் கட்டிய குரல். பேச்சுக்கு இது போதும். தாலி கட்டும் நேரத்தில் வர முடியாத உறவினருக்காக மேளக்காரர் பக்கம் போனை நீட்டிப் பாருங்கள். அந்தப் பக்கம் ஏதோ உடைபடும் சத்தம்தான் போய்ச் சேரும். நாதஸ்வரத்துக்குத் தொண்டை கிடையாது. இரைச்சலை அடக்கும் மென்பொருளோ கெட்டி மேளத்தையே இரைச்சல் என்று முடிவு கட்டிவிடும். பழைய லேண்ட்லைன் இதைவிடக் கண்ணியமாக நடந்துகொண்டது.

இன்னொரு கூத்தும் உண்டு. யாரும் பேசாத நேரத்தில் எதையும் அனுப்பாமலிருந்தால் மின்கலமும் மிச்சம், காற்றில் இடமும் மிச்சம். அப்படிச் செய்து பார்த்தபோது, காதில் முழு அமைதி விழுந்ததும் மக்கள் லைன் கட்டாகிவிட்டதென்று “ஹலோ? ஹலோ?” என்று கத்தினார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? எதிர்முனைப் பின்னணிபோல ஒரு மெல்லிய ‘உஸ்’ஸைப் போனே உண்டாக்கி ஊதும்படி வைத்தார்கள். நூறு வருஷம் பாடுபட்டு விரட்டிய இரைச்சலைச் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டு வந்த கதை.

300–3,400 என்ற பழைய வேலி உடைந்தது சமீபத்தில்தான். 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை போகும் அகலக் குரலுக்கு 1988-இலேயே தரநிர்ணயம் வந்தாயிற்று. ஆனால் வழியில் ஒரே ஒரு கண்ணி பழையதாக இருந்தாலும் முழுப் பாதையும் குறுகிவிடும் என்பதால் அது பரவலான தொலைபேசிக்கு வந்து சேரவில்லை. இந்தியாவில் 2016-இல் ஜியோ சேவை, 4ஜி வழியாகவே அகலக் குரலை அனுப்பும் வோல்ட்டியை அடிப்படையாக வைத்துத் தொடங்கிய பிறகு மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். இன்று நல்ல சிக்னலில் இரண்டு வோல்ட்டி போன்கள் பேசினால் மூச்சு விடுவது கேட்கிறது. ‘ஸ்’ ‘ஸ்’ஸாகவே வருகிறது. சேலத்தைத் துணைக்குக் கூப்பிட அவசியமில்லை.

அப்படியானால் ஏன் இன்றைக்கும் மொட்டை மாடிக்கு ஓடி “கேக்குதா?” என்கிறோம்? பழைய கோளாறு படிப்படியாக வரும்: குரல் தேயும், கரகரக்கும், ஆனால் வார்த்தை வரிசை மாறாது. இன்று குரல் துண்டு துண்டாக, ஒவ்வொன்றும் 20 மில்லி வினாடிப் பொட்டலமாகப் போகிறது. ஒன்றிரண்டு தொலைந்தால் முந்தைய துண்டை நீட்டி ஒட்டுப்போட்டுவிடும். நமக்குத் தெரியவே தெரியாது. தொடர்ந்து தொலைந்தால் ஒட்டும் பலிக்காது. முதலில் ரோபோ குரல், பிறகு மௌனம். அழைப்பு அறுபடுவதற்கு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய் நீண்ட காலம் வைத்திருந்த வரம்பு 100-க்கு 2. கேட்காத மௌனத்தில் வெறுத்துப்போய் நாமே சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அது அந்தக் கணக்கில் ஏறாது. மிகச் சிறந்த குரல் எது என்று கேட்டால் இன்றையதுதான். மோசமான நாளில் எது தேவலை என்று கேட்டால், மழை இல்லாத நாளின் பழைய லேண்ட்லைனுக்கே என் ஓட்டு.

கையில் இருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்தவாவது சில விஷயங்கள் தெரிந்திருக்கட்டும். போன் அமைப்பில் வோல்ட்டி அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். சில போன்களில் அணைந்து கிடக்கலாம். ப்ளூடூத் இயர்போனில் பேசும்போது குரல் மங்கினால் அதைக் கழற்றிவிட்டுப் பேசிப் பாருங்கள். பழைய ரகங்கள் பேச்சு என்றதும் குறுகிய பாதைக்கு மாறிவிடும். போனின் மேல் விளிம்பில் ஊசித் துளைபோல இருப்பது இரைச்சலை அளக்கும் இரண்டாவது மைக். அதை விரலால் மூடாதீர்கள். பேசும்போது உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பிக் கேட்டால் உங்கள் போனைத் திட்டாதீர்கள், கடைக்கும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கோளாறு எதிர்முனையில் இருக்கிறது. ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.